நாலு மூலைக்கு ஒரு குறுக்கு

பழைய வீட்டில் நின்றது, புது வீட்டில் ஏன் ஆடுகிறது?

வீடு மாற்றிய பலருக்கும் இந்தக் குழப்பம் வந்திருக்கும். பழைய வீட்டில் வருஷக்கணக்காக அசையாமல் நின்ற அலமாரி. அதைப் பிரித்து, குட்டியானையில் ஏற்றி, புது வீட்டில் இறக்கி, அதே பலகைகளை அதே ஸ்க்ரூக்களால் பூட்டியாயிற்று. ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் உடையவில்லை. ஆனாலும் அதன் தோளில் விரல் வைத்துத் தள்ளினால் இடமும் வலமுமாக ஆடுகிறது.

நாங்கள் பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்தபோது எங்கள் புத்தக அலமாரிக்கும் இதுதான் நடந்தது. ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம், தூரம் அவ்வளவுதான். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த ஊர் என்பதால் இங்கே வாடகைக்குக் குடியிருப்பவர்கள் அதிகம். வேலை மாறினால் வீடு மாறும். வீடு மாறினால் அலமாரியையும் பிரித்துப் பூட்ட வேண்டிவரும்.

எங்கள் அலமாரியின் உயரம் 180 செ.மீ., அகலம் 80 செ.மீ., ஆழம் 30 செ.மீ. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரே அலமாரியைத்தான் சுற்றி வரப்போகிறோம்.

எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். ஸ்க்ரூக்களை மணிக்கட்டு வலிக்கும்வரை முறுக்கினேன். ஆட்டம் சற்றுக் குறைந்தது. இரண்டு நாளில் திரும்பி வந்தது. செய்தித்தாளை மடித்து ஒரு காலுக்கடியில் செருகினேன். அலமாரி ஒரு பக்கம் சாய்ந்ததே தவிர, ஆட்டம் போகவில்லை. பக்கத்து வீட்டில் கதவு மாட்ட வந்திருந்த ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எந்த ஸ்க்ரூவையும் தொடவில்லை. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். தோல் தளர்ந்த மேளம் போலச் சத்தம் கேட்டது.

"ஸ்க்ரூவை விடுங்க சார். இதோட முதுகைப் பாருங்க" என்றார்.

அந்த முதுகு வரை படிப்படியாகப் போவோம்.

ஆட்டத்தில் இரண்டு வகை

"ஆடுகிறது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பலிக்காது.

முதல் வகையில் அலமாரியின் வடிவம் மாறுவதில்லை. முழு உடம்பும் ஒரே கட்டையாக ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தத்துகிறது. "டக், டக்" என்று தரையில் சத்தம் கேட்கும். இதைத் தட்டாட்டம் என்று அழைப்போம்.

இரண்டாவது வகையில் கால்கள் தரையைவிட்டு எழும்புவதே இல்லை, சத்தமும் வராது. ஆனால் அலமாரியின் மேல்பாகம் மட்டும் பக்கவாட்டில் நகரும். நேராக நின்ற செவ்வகம் சாய்ந்த செவ்வகமாக நெளியும். இதற்கு நெளிவாட்டம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு தாள் போதும். அலமாரியின் நாலு காலடியிலும் ஆளுக்கொரு தாள் துண்டை வைத்து, ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று தடையில்லாமல் உருவி வந்தால், அந்தக் கால் தரையில் படவில்லை, அது தட்டாட்டம். நாலு தாளும் பிடிபட்டிருந்தும் மேலே ஆடினால் அது நெளிவாட்டம்.

எங்கள் அலமாரியில் ஒரு தாள் உருவி வந்தது. அந்த மூலைக்குத் தக்கை கொடுத்த பிறகும் மேல்பாகம் ஆடியது. இரண்டு நோயும் சேர்ந்தே இருந்தன.

நாலாவது கால் படுத்தும் பாடு

மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும்: கற்கள் ஒரே உயரமாக இல்லாவிட்டாலும், தரை மேடுபள்ளமாக இருந்தாலும், பானை மூன்று கல்லிலும் உட்கார்ந்துகொள்ளும். சற்றுச் சாய்ந்து உட்காரலாம், தத்தாது. முக்காலியும் அப்படித்தான். எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் அவை மூன்றையும் தொட்டுக்கொண்டு ஒரு சமதளம் கிடைத்துவிடும். நாலாவது புள்ளி வந்ததும் அந்த உறுதி போய்விடுகிறது. அது மற்ற மூன்றும் அமைத்த தளத்தில் சரியாக விழுந்தால் உண்டு. இல்லையென்றால் அந்தரத்தில் நிற்கும்.

வீட்டுத் தரை பார்வைக்குத்தான் சமதளம். கொத்தனார் டைல்ஸ் போடும்போது, கழுவிவிட்ட தண்ணீர் ஓடிப்போகட்டும் என்று சில இடங்களில் வேண்டுமென்றே சரிவு வைப்பார். அதை "வாட்டம்" என்பார்கள். பால்கனிப் பக்கமும் குளியலறை வாசலிலும் இது இருக்கும். வாட்டம் திரும்பும் இடத்தில் நாலு கால் பொருளை வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும்.

இந்தக் குறை காலடியில் சிறியது, தலையில் பெரியது. எங்கள் அலமாரியின் இடப்பக்கத்தைவிட வலப்பக்கத் தரை 3 மி.மீ. தாழ்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 80 செ.மீ. அகலத்துக்கு 3 மி.மீ. என்றால், 180 செ.மீ. உயரத்தில் அதன் தலை கிட்டத்தட்ட 7 மி.மீ. வலப்பக்கம் நகர்ந்து நிற்கும். உள்ளே 60 கிலோ புத்தகம் இருந்தால் அதன் எடையில் ஒரு சிறு பங்கு, சுமார் 225 கிராம், பக்கவாட்டுத் தள்ளலாக மாறுகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்தத் தள்ளல் இரவு பகலாக, மாதக்கணக்கில், ஒரே பக்கமாக நடக்கிறது. தொடர்ந்து அழுத்தினால் மரத்துகள் பலகை மெல்ல மெல்ல இசைந்து கொடுத்துவிடும், பிறகு திரும்பாது.

தட்டாட்டத்துக்கு மருந்து எளிது: தக்கை. மடித்த செய்தித்தாள் மட்டும் வேண்டாம். அது எடையில் நசுங்கும், வீடு துடைக்கும் தண்ணீரைக் குடித்து ஊறும். ஆசாரியின் பையில் எப்போதும் கிடக்கும் மைக்கா வெட்டுத்துண்டுகள் நல்ல தக்கை. ஒரு துண்டு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம், நசுங்காது, ஊறாது. 3 மி.மீ. வேண்டுமா, மூன்று துண்டு.

சதுரம் ஏன் நெளிகிறது?

இனி பெரிய நோய்க்கு வருவோம். இதற்கு ஒரு காலித் தீப்பெட்டியும் இரண்டு நிமிஷமும் வேண்டும்.

உள்பெட்டியை உருவிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் கையில் எடுங்கள். இரண்டு பக்கமும் வாய் திறந்த ஒரு நீள்சதுரக் குழாய் அது. பக்கவாட்டில் லேசாக அழுத்துங்கள். சட்டென்று சாய்ந்து, தட்டையாகப் படிந்துவிடும். அட்டை எங்கேயும் கிழியவில்லை, எந்தப் பக்கமும் நீளவோ குறுகவோ இல்லை. நாலு பக்கமும் அதே நீளம்தான். மாறியது மூலைகளின் கோணம் மட்டும்.

அதை நிமிர்த்தி, ஒரு திறந்த வாயில் மட்டும் சாதாரண வெள்ளைத்தாள் ஒன்றை அளவாக வெட்டிப் பசையால் ஒட்டுங்கள். காய்ந்ததும் மறுபடி அழுத்துங்கள். இப்போது அது இணங்காது. ஊதினால் பறக்கும் தாள், கூட்டை நிமிர்த்திப் பிடித்து நிற்கும். தாளோ பசையோ கிழிகிறவரை அதன் வடிவம் மாறாது.

என்ன நடந்தது? நாலு பக்கங்களின் நீளத்தை மட்டும் சொன்னால் ஒரு வடிவம் தீர்மானமாகிவிடாது. அதே நாலு குச்சியில் நிமிர்ந்த சதுரமும் செய்யலாம், சாய்ந்த சதுரமும் செய்யலாம், படுத்துவிட்ட சதுரமும் செய்யலாம். மூன்று குச்சி அப்படி இல்லை. மூன்று நீளங்களைச் சொல்லிவிட்டால் ஒரே ஒரு முக்கோணம்தான் அமையும். குச்சி உடையாமல் அதை நெளிக்க முடியாது.

இதை எண்ணிக் கணக்கிட ஒரு வழியை 1864இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் சொன்னார். தட்டையான சட்டம் ஒன்றில் எத்தனை மூலைகள் என்று பாருங்கள். அதை இரட்டிப்பாக்கி மூன்றைக் கழியுங்கள். அந்தச் சட்டம் நெளியாமல் நிற்க அத்தனை குச்சிகளாவது வேண்டும். முக்கோணத்துக்கு மூன்று மூலை. இரட்டித்தால் ஆறு, மூன்று போக மூன்று. மூன்று குச்சி இருக்கிறது, நிற்கும். சதுரத்துக்கு நாலு மூலை; இரட்டித்தால் எட்டு, மூன்று போக ஐந்து. நம்மிடம் இருப்பது நாலு. ஒன்று குறைகிறது. குறைகிற அந்த ஒன்றை மூலைக்கு மூலை குறுக்கே போட்டால் சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிடும். தீப்பெட்டியில் ஒட்டிய தாள் அந்தக் குறுக்கின் வேலையைத்தான் செய்தது. ஒரு தாளுக்குள் எல்லாக் குறுக்குக் கோடுகளும் அடக்கம்.

நம் அலமாரி இடமும் வலமுமாக ஆடுகிறதே, முன்னும் பின்னுமாக ஏன் நெளிவதில்லை? பக்கப் பலகைகளைப் பாருங்கள். அவை 30 செ.மீ. அகலமும் 180 செ.மீ. உயரமும் கொண்ட முழுத் தகடுகள். அந்தத் திசையில் தாள் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கிறது. இட வலத் திசையில் அந்த வேலையைச் செய்ய ஒரே ஓர் உறுப்புதான் உண்டு: பின்னால் அடித்திருக்கும் மெல்லிய பலகை. ஆசாரிகள் "பேக் ஷீட்" என்பார்கள். முதுகுப் பலகை என்று சொல்லலாம். பெரும்பாலும் 3 மி.மீ. கனம்தான் இருக்கும். தூசி மறைக்க வைத்த அட்டை என்றே பலரும் நினைக்கிறோம்.

2 கிலோ தள்ளல், 75 கிலோ இழுப்பு

"மூலைகளில்தான் ஸ்க்ரூ இருக்கிறதே, அதை நன்றாக முறுக்கினால் கோணம் மாறாதே" என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

அலமாரியின் உச்சியில் 2 கிலோ எடைக்குச் சமமாகப் பக்கவாட்டில் தள்ளுகிறோம். நடந்து போகும் குழந்தை உரசினால்கூட இவ்வளவு வரும். எங்கள் அலமாரியில் மேல்தட்டு, கீழ்த்தட்டு, நடுத்தட்டு மூன்றும் ஸ்க்ரூவால் பூட்டியவை. மற்ற தட்டுகள் சும்மா முளைகளின் மேல் உட்கார்ந்திருப்பவை. அவை உதவிக்கு வராது. மூன்று தட்டுக்கு இரண்டிரண்டு முனை, ஆக ஆறு மூலை.

கடப்பாரையால் கல்லைப் புரட்டும்போது நீளமான பக்கத்தில் சிறிய பலம் கொடுத்தால் குட்டையான பக்கத்தில் பெரிய பலம் கிடைக்கிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது, நமக்கு எதிராக. கடப்பாரையின் நீளப் பக்கம் அலமாரியின் உயரமான 180 செ.மீ. குட்டைப் பக்கம் எது? தட்டுப் பலகையின் கனம் 16 மி.மீ. ஸ்க்ரூ அதன் நடுவில் இறங்கியிருக்கிறது. மூலை திறக்க முயலும்போது பலகையின் ஒரு விளிம்பு கீல்போல நின்று மறு விளிம்பு விலகும். கீலுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடைவெளி வெறும் 8 மி.மீ. ஆறு மூலைகளும் பாரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டாலும், ஒவ்வொரு மூலையிலும் சுமார் 75 கிலோ இழுப்பு வருகிறது. மூலைக்கு இரண்டு ஸ்க்ரூ என்றால் ஒவ்வொன்றின் மேலும் 37 கிலோவுக்கு மேல். உச்சியில் வைத்ததோ 2 கிலோ.

அதே 2 கிலோவை ஒரு குறுக்கு தாங்கினால் எப்படியிருக்கும்? 80 செ.மீ. அகலமும் 180 செ.மீ. உயரமும் கொண்ட சட்டத்தின் மூலைக்கு மூலை நீளம் 197 செ.மீ. தள்ளல் அகலத்தின் திசையில் வருகிறது. குறுக்கு அதைத் தன் நீளத்தில் வாங்குகிறது. 80க்கு 197 என்ற விகிதத்தில் 2 கிலோ, கிட்டத்தட்ட 5 கிலோ இழுப்பாகிறது. அவ்வளவுதான்.

ஸ்க்ரூவை நம்பினால் மூலைக்கு 75 கிலோ, குறுக்கை நம்பினால் மொத்தமே 5 கிலோ. உலோகத்தில் செய்த ஸ்க்ரூ தோற்கிற இடத்தில் 3 மி.மீ. பலகை ஜெயிப்பது இதனால்தான். மெல்லிய தாளை மடிப்பது சுலபம், அதன் நீளவாக்கில் இழுத்துக் கிழிப்பது கஷ்டம். முதுகுப் பலகைக்கு வருவது அந்த இழுப்பு மட்டுமே.

பிரித்துப் பூட்டும்போது என்ன தேய்கிறது?

இப்போது முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. மீதிப் பாதி, வீடு மாற்றிய அந்த இரவில் இருக்கிறது.

கடையில் வாங்கும் இந்த வகை அலமாரிகள் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டால் ஆனவை. மரச்சீவலையும் துகளையும் பிசினோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்த துகள்பலகை. அதன் இரண்டு மேல்பரப்பும் நெருக்கமான நுண்துகள். நடுப்பகுதி சற்றுத் தளர்ந்த பெருந்துகள். தட்டின் முனையில் ஸ்க்ரூ இறங்குவது அந்தத் தளர்ந்த நடுவில்தான். முதல் தடவை இறங்கும்போது ஸ்க்ரூ தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொள்கிறது. கழற்றி மறுபடி போடும்போது பழைய மரையைப் பிடிக்காமல் புதிதாக வெட்டினால், இரண்டுக்கும் நடுவில் இருந்த துகள் உதிர்ந்துவிடும். ஓட்டை அகலும், பிடி போகும். வில்லையைத் திருப்பி முளையைப் பிடிக்கும் "கேம் லாக்" பூட்டுக்கும் இதே கதி: முளை துகள்பலகையில்தான் நிற்கிறது.

ஈரமும் சேர்ந்துகொள்கிறது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருக்கும் இந்த ஊர்களில் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது உச்சத்துக்குப் போகும். துகள்பலகை ஈரத்தில் ஊதினால், காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீடுகளில் அலமாரியின் அடி விளிம்பு காலிஃப்ளவர்போல விரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் எங்கள் அலமாரியைக் கெடுத்தது இவை மட்டுமில்லை. பொன்னேரியில் அதைப் பிரித்தபோது முதுகுப் பலகையைச் சுற்றி ஐம்பதுக்குப் பக்கமாகச் சிறு ஆணிகள் இருந்தன. கும்மிடிப்பூண்டியில் இரவு பத்து மணிக்கு நானும் என் மைத்துனரும் அதைப் பூட்டியபோது கையில் கிடைத்த ஆணியை அடித்தோம். மூலைக்கு ஒன்றாக நாலு, நடுவில் ஒன்று. "பின்பக்கம்தானே மாமா, யார் பார்க்கப் போறாங்க" என்றார் அவர். நானும் தலையாட்டினேன். அந்த ஐந்து ஆணியும் பழைய, அகன்றுபோன ஓட்டைகளுக்குள்தான் இறங்கின. தள்ளும்போதெல்லாம் ஆணி ஓட்டைக்குள் உருண்டது, பலகை வழுக்கியது. மேக்ஸ்வெல் கணக்கில் ஐந்தாவது குச்சி இல்லாமல் போனது அப்படித்தான்.

ரயில் ஜன்னலில் தெரியும் முக்கோணங்கள்

இதைப் புரிந்துகொண்ட பிறகு சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் வரும் பயணமே எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. அத்திப்பட்டு தாண்டும்போது வடசென்னை அனல் மின் நிலையத்தின் பக்கமிருந்து உயர் அழுத்தக் கம்பிகளைச் சுமந்து வரும் கோபுரங்களைப் பாருங்கள். நாலு கால், அவற்றுக்கு நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஆங்கிள் இரும்பு. அடியிலிருந்து நுனிவரை முக்கோணத்தின் மேல் முக்கோணம். குறுக்குகளை மட்டும் கழற்றிவிட்டால் அந்தக் கோபுரம் நம் தீப்பெட்டிக் கூடுதான். தொழிற்சாலைக் கொட்டகைகளின் கூரையைத் தாங்கும் சட்டங்களிலும் இதே முக்கோணங்கள். பழைய இரும்பை உருக்கி ஆங்கிளும் கம்பியும் இழுக்கும் உருட்டாலைகள் நிறைந்த ஊருக்கு, குறுக்கு இரும்பின் அருமையை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

மளிகைக் கடையிலும் அலுவலகத்திலும் நிற்கும் ஓட்டை போட்ட இரும்பு ரேக்குகளும் பிரித்துப் பூட்டும் சாமான்தான். வரிசையாகத் துளையிட்ட அந்த ஆங்கிளை லண்டனில் அச்சகம் நடத்திய டிமெட்ரியஸ் கொமினோ உருவாக்கி, 1947இல் டெக்சியன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கடையில் அந்த ரேக்கைப் பூட்டும்போது மூலைகளில் சின்ன முக்கோணத் தகடு ஒன்றை வைத்து நட்டு போடுவார்களே, கவனித்திருக்கிறீர்களா? அவசரத்தில் அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது அழகுக்கு வைத்ததில்லை. ஸ்க்ரூவுக்குக் கிடைத்த 8 மி.மீ. பிடியை அந்தத் தகடு பல மடங்கு நீட்டித் தருகிறது.

பிரித்துக் கொண்டுபோகும் மரச்சாமான் பழைய யோசனை. 1859இல் மிஷேல் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி வெளிவந்தது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். 1956இல் ஸ்வீடனின் ஐகியா நிறுவனத்தில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென், காரில் நுழையாத ஒரு மேசையின் கால்களைக் கழற்றி ஏற்றியதில் அந்த நிறுவனத்தின் தட்டைப் பெட்டி வியாபாரம் தொடங்கியது என்பார்கள். வண்டியில் இடம் மிச்சம், விலையும் குறைவு. நம் ஊர் ஆசாரி கழுந்தும் துளையுமாக இறுக்கிய பெட்டியில் மூலையே வடிவத்தைத் தாங்கும். கழற்றி மாட்டும் மூலைக்கு அந்த வலு இல்லை. அதன் பாரத்தையும் சேர்த்து முதுகுதான் சுமக்க வேண்டும்.

சரிசெய்யும் வரிசை

ஆசாரி சொன்ன முறையில் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம். தரையைச் சரிசெய்யாமல் முதுகை அடித்தால், கோணலை நிரந்தரமாகப் பூட்டியதாகிவிடும்.

முதலில் அலமாரியைக் காலி செய்து, அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்தோம். கீழ்த்தட்டின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் வரும்வரை காலடியில் மைக்காத் துண்டுகளைச் செருகினோம். தட்டாட்டம் அதோடு நின்றது.

பிறகு பிடி விட்ட ஸ்க்ரூ ஓட்டைகள். தீக்குச்சியின் மருந்தை ஒடித்துவிட்டு, குச்சியில் ஃபெவிகால் தடவி, ஓட்டை நிறையும்வரை செருகி, ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டினோம். நல்ல ஓட்டைகளுக்கு வேறு உபாயம். ஸ்க்ரூவை வைத்து முதலில் பின்பக்கமாக, கழற்றுகிற திசையில், மெதுவாகத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் "டிக்" என்று சின்னதாக இறங்கும். பழைய மரையின் வாய் அது. அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் அது பழைய வழியிலேயே போகும். புதிதாக எதையும் உதிர்க்காது.

மூன்றாவது, மூலைக்கு மூலை அளப்பது. வீட்டுக்கு அஸ்திவாரக் கோடு போடும்போது கொத்தனார் செய்வது இதுதான்: இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் நாலு மூலையும் நேர்மூலை. எங்கள் அலமாரியில் முதல் அளவு 197.4 செ.மீ., இரண்டாவது 196.6. வித்தியாசம் 8 மி.மீ. அதற்குப் பொருள், அலமாரியின் தலை 1 செ.மீ. பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாத சாய்வை டேப் காட்டிக்கொடுத்துவிட்டது. மைத்துனர் தோளைத் தள்ள, ஆசாரி டேப்பைப் பிடிக்க, இரண்டு அளவும் 197இல் வந்து நின்றது.

அந்த நிலையில் பிடித்துக்கொண்டே முதுகை அடித்தோம். பழைய பலகையின் ஓரம் ஈரத்தில் ஊதியிருந்ததால் 6 மி.மீ. பிளைவுட்டுக்கு மாற்றினோம். பழைய ஓட்டைகளைத் தவிர்த்து, சுற்றிலும் 10 செ.மீ.க்கு ஓர் ஆணி. அலமாரியின் சுற்றளவு 520 செ.மீ., ஆக 52 ஆணி. நடுத்தட்டின் முதுகிலும் ஒரு வரிசை. ஆணி அதிகமாக ஆக ஒவ்வொன்றின் பங்கும் குறையும். எந்த ஓட்டையும் அகலாது. முதுகை முழுதாக மூடும் பலகை கிடைக்காதவர்கள் இரண்டு இரும்புப் பட்டைகளைப் பெருக்கல் குறிபோல மூலைக்கு மூலை அடித்தாலும் போதும்.

கடைசியாகச் சுவர். ஆட்டம் நின்றாலும், 30 செ.மீ. ஆழமே உள்ள உயரமான அலமாரி முன்பக்கம் கவிழக்கூடியது. குழந்தை தட்டில் கால் வைத்து ஏறினால் போதும். 2016இல் அமெரிக்காவில், கவிழ்ந்து விழுந்து குழந்தைகள் இறந்ததால், 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. எடையுள்ள புத்தகங்களைக் கீழ்த்தட்டில் அடுக்குங்கள். உச்சியில் ஒரு எல் கிளாம்பால் சுவரோடு பிடித்துவிடுங்கள். வாடகை வீட்டில் "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" என்பது எழுதாத சட்டம். ஆனாலும் வீட்டுக்காரரிடம் குழந்தையைக் காட்டி, ஒரே ஓர் ஓட்டைக்கு அனுமதி கேளுங்கள். எங்கள் வீட்டுக்காரம்மா கேட்ட உடனே சம்மதித்தார்.

அடுத்த வீட்டுக்குப் போகும்போது

வேலை முடிந்ததும் ஆசாரி அலமாரியின் தோளில் கை வைத்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு உச்சியில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டு மறுபடி தள்ளினார். தண்ணீரின் மேல் மெல்லிய வளையங்கள் எழுந்து அடங்கின, சொம்பு நகரவில்லை.

மறுபடியும் வீடு மாறும் நாள் வரும். அன்றைக்கு முதுகுப் பலகையை நெம்பிப் பிடுங்காமல், ஆணி ஆணியாக எடுத்து, ஒரு கவரில் போட்டு, பலகையிலேயே டேப்பால் ஒட்டிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். வண்டியில் அலமாரியை முழுதாகவே ஏற்ற முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது ஆளைக் கூப்பிடும் செலவு, அகன்ற ஓட்டைகளை அடைக்கும் உழைப்பைவிடக் குறைவு.

அலமாரியைச் சுவரோடு தள்ளுவதற்கு முன்னால், ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து முதுகுப் பலகையில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஒரு பெருக்கல் குறி, அதன் இரண்டு கோட்டிலும் ஒரே எண்: 197, 197.

"அடுத்த வூட்ல பூட்றப்போ இதைப் பார்த்து அளந்துக்குங்க சார்" என்றார்.